வீணையுடன் ஒரு செமஸ்டர்: வெளிநாடு செல்லும் இசை மாணவரின் குடும்பத்துக்கு

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் மாநிலம் மாறும். வீட்டில் பாடும் கீர்த்தனை மாறாது.

இசை கற்க ஊரைவிட்டுப் புறப்படுவதும் இங்கே புதிதன்று. 1924இல் பிறந்த பாறசாலை பி. பொன்னம்மாள், இன்று சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என வழங்கும் திருவனந்தபுரம் நிறுவனத்தின் முதல் மாணவி. பின்னர் அங்கேயே முதல் பெண் ஆசிரியராகவும் விளங்கினார். 2006இல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண்மணி என்ற பெருமையும் அவருக்கே உரியது. கடல் கடந்த இசைக் கல்விக்கும் நீண்ட மரபு உண்டு. மிருதங்கக் கலைஞர் தி. ரங்கநாதன் 1960களிலேயே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார்.

இன்று இசைக் கல்லூரி மாணவர்கள் ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டில் பயில விரும்புகின்றனர். அவர்களுடைய பெற்றோருக்கு நாம் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றே: அனுமதிக் கடிதம் கிடைத்த வாரமே வங்கிக்கு வாருங்கள். விமானச்சீட்டு வாங்கிய பின் வருவோருக்கு உதவ மனம் இருந்தும் நாள் இருப்பதில்லை. ஒரு செமஸ்டர் தவறினால் அந்த இடம் மறு ஆண்டு கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

எவ்வகைச் சேர்க்கை?

இரு கல்லூரிகளுக்கிடையே மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருப்பின், பெரும்பாலும் கல்விக் கட்டணம் தாய்க் கல்லூரிக்கே செலுத்தப்படும். வெளிநாட்டில் தங்குமிடம், உணவு, காப்பீடு, பயணம் ஆகியவையே செலவு. ஒப்பந்தமின்றி வருகை மாணவராகச் சேர்ந்தால் அங்குள்ள கட்டணமும் சேரும். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சில லட்சங்களாகலாம். அங்கே பயிலும் பாடங்களின் மதிப்பீட்டை ஏற்போம் என்று தாய்க் கல்லூரி தரும் கடிதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். கடன் விண்ணப்பத்தை ஆராயும்போது நாம் கேட்கும் முதல் தாள்களில் அதுவும் ஒன்று.

பணம் முன்னே, விசா பின்னே

பல நாடுகள் செலவுக்குரிய பணம் இருப்பதைக் கண்ட பின்னரே விசா வழங்குகின்றன. ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பர் முதல் மாணவருக்கு மாதம் 992 யூரோ என்று கணக்கிட்டு, முடக்கக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே செலுத்திக் காட்டுவது அங்கே வழக்கமான வழி. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ ஆகிறது. அங்கு சென்றபின் மாதந்தோறும் ஒரு பகுதியே எடுக்க இயலும். இத்தொகை மாறக்கூடியது; தூதரக அறிவிப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இதற்குப் பான் எண் கட்டாயம். பெரும்பாலான நாடுகளுக்குச் செல்லும்போது அந்நியச் செலாவணி நோட்டுகளாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை கொண்டுசெல்ல இடமுண்டு. மீதியை அந்நியச் செலாவணி அட்டையில் ஏற்றிக்கொள்வது பாதுகாப்பானது.

எல்லை ஊர்க் குடும்பங்களின் ஆவணங்கள்

வீடு பாறசாலையிலும் தோட்டம் விளவங்கோடு வட்டத்திலும் உள்ள குடும்பங்கள் இங்கே பல. நிலத்தைப் பிணையாக வைக்க நேர்ந்தால், கேரள நிலத்துக்கு வரி ரசீதும் கிராம அலுவலர் தரும் கைவசச் சான்றும் தேவை. தமிழ்நாட்டு நிலத்துக்குப் பட்டா தேவை. இரண்டுக்கும் வில்லங்கச் சான்று அந்தந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் வழியே பெறப்படும். ஆவணங்கள் இரு மொழிகளில் இருப்பதால் சட்ட ஆய்வுக்குக் கூடுதல் நாள் பிடிக்கலாம்.

பெயரிலும் கவனம் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டிலோ அது விரிந்து நிற்கும். அனுமதிக் கடிதம், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

கடனும் வரியும்

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. பெற்றோர் இணைக் கடனாளராவர். வெளிநாட்டுக் கல்விக்கு 4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில், செலவின் 15 விழுக்காட்டைக் குடும்பம் ஏற்க வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை செலுத்தத் தேவையில்லை; ஆயினும் வட்டி சேரும். இயன்றவர்கள் வட்டியை மட்டுமாவது அவ்வப்போது செலுத்திவருவது நல்லது.

2025 ஏப்ரல் 1 முதல், நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பும் தொகைக்கு மூலவரி வசூல் இல்லை. வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு அவ்வரம்பைக் கடந்தாலும் வசூல் இல்லை. பிறவற்றில் வசூலிக்கப்படும் வரியை வருமானவரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம்.

வாத்தியத்துக்கும் ஆவணம் உண்டு

பழைய வீணைகள் சிலவற்றில் யானைத் தந்த வேலைப்பாடு இருக்கும். அத்தகைய வீணையை உரிய அனுமதியின்றி எல்லை கடத்துவது குற்றம். அதை வீட்டிலேயே விட்டுச்செல்லுங்கள். தோல் வாத்தியங்களைச் சில நாடுகள் கடுமையாகச் சோதிக்கும் என்பதால், செல்லும் நாட்டின் விதியை முன்பே அறிந்துகொள்ளுங்கள். விலை உயர்ந்த வாத்தியமாயின், புறப்படும் நாளில் விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று பெறுங்கள். திரும்பும்போது வரி கேட்கப்படாமலிருக்க அதுவே சாட்சி. வாத்தியக் காப்பீட்டையும் மறவாதீர்கள்.

கச்சேரி மேடை ஏறும் முன் சுருதி சேர்ப்பதற்குக் கலைஞர் நேரம் ஒதுக்குகிறார். பணத்துக்கும் தாள்களுக்கும் அவ்வாறே நேரம் ஒதுக்கினால், நம் பிள்ளை அயல் நாட்டில் பாட்டில் மட்டும் மனத்தைச் செலுத்தலாம். அனுமதிக் கடிதத்துடன் தங்கள் கிளைக்கு வாருங்கள். மற்றவற்றை உடனமர்ந்து திட்டமிடுவோம்.