நட்சத்திர ஓட்டலில் வீட்டுக் குழம்பு

பிரெஞ்சு சாஸ் கற்ற செஃப்கள் மங்களூர், கோவா, கேரள வீடுகளின் அடுப்படிக்குப் பாடம் படிக்கப் போனார்கள். பெங்களூரின் 'கராவளி' உணவகம் அப்படித்தான் பிறந்தது. வீட்டுச் சமையலை விலைக்கு விற்க முடியுமா என்ற கேள்விக்கு அது சொன்ன பதில் லண்டன் வரை போனது.

மேற்கே மங்களூர், கிழக்கே சென்னை. பெங்களூர்க்காரர் எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க சுமார் 350 கி.மீ. சாலையில் போக வேண்டும். ஊர் இருப்பதோ கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே. அப்படிப்பட்ட ஊரின் ரெசிடென்சி சாலையில், அன்றைக்கு 'கேட்வே' என்ற பெயரில் இயங்கிய தாஜ் குழும ஓட்டலுக்குள், 1990-இல் ஓர் உணவகம் திறக்கப்பட்டது. பெயர் 'கராவளி'. கன்னடத்தில் கடற்கரை என்று பொருள்.

பெயரை விட விசித்திரம் மெனு. நட்சத்திர ஓட்டலுக்குப் போகிறவர் எதிர்பார்க்கும் பட்டர் சிக்கனும் நானும் அதில் இல்லை. கோரி கஸ்ஸி இருந்தது. துளுவில் கோரி என்றால் கோழி. தேங்காயும் மிளகாயும் வறுத்து அரைத்த குழம்பு. வாழையிலையில் பொதிந்து சுட்ட கேரளத்து மீன் பொள்ளிச்சது இருந்தது. ரவையில் புரட்டி வறுத்த கானே இருந்தது. தமிழ்நாட்டு மீனவர்கள் கிழங்கான் என்று கூடையில் அள்ளி விற்கும் அதே மீன்தான். ஓட்டுக் கூரை, திறந்த முற்றம், மரத்தடியில் மேசைகள் என்று இடமும் ஒரு பழைய வீட்டைப் போலவே அமைந்தது. நகரின் நடுவில் உட்கார்ந்துகொண்டு கடலோர ஊர் ஒன்றுக்கு விடுமுறைக்குப் போன உணர்வு.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ஊருக்கு ஊர் 'பாரம்பரிய' உணவகங்கள் முளைத்துவிட்டன. ஆனால் அன்றைக்கு ஒரு பெரிய ஓட்டல் நிர்வாகம் துணிந்து எடுத்த முடிவு அது. ஏன் என்று புரிய, இந்திய ஓட்டல் சமையலறையின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

துரைமார் தட்டு

பெங்களூரின் பழம்பெரும் ஓட்டலான வெஸ்ட் எண்ட், 1887-இல் பிரான்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி நடத்திய பத்து அறை விடுதியாகத் தொடங்கியது. பிறகு ஸ்பென்சர் நிறுவனத்தின் கைக்குப் போய், 1984-இல் தாஜ் குழுமத்திடம் வந்தது. கன்டோன்மென்ட் அதிகாரிகளும் வெள்ளைக்கார விருந்தினர்களும் தங்கிய அத்தகைய விடுதிகளில் சூப்பும் ரோஸ்ட்டும் புட்டிங்கும்தான் சாப்பாடு. சாம்பாரும் மீன் குழம்பும் வெளியே, வேறு உலகத்தில் இருந்தன.

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. நாட்டின் முதல் கேட்டரிங் கல்லூரி 1954-இல் பம்பாயில் தொடங்கியது. லீலாவதி முன்ஷி தலைமையிலான அகில இந்தியப் பெண்கள் உணவுக் குழு எடுத்த முயற்சி அது. பெண்கள் தொடங்கிய கல்லூரிதான். ஆனாலும் அதன் வழியில் வந்த கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் பிரெஞ்சுச் சமையலுக்கே முதலிடம் கிடைத்தது. வெள்ளை சாஸ் எத்தனை வகை என்று ஒப்பிக்கத் தெரிந்த மாணவருக்குத் தன் பாட்டி வைக்கும் குழம்பு பாடமாக வரவில்லை.

இந்திய உணவு என்று நட்சத்திர ஓட்டல்கள் தந்தது பெரும்பாலும் வடக்கத்தித் தந்தூரியும் முகலாய வகைகளும். தென்னிந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் காபி ஷாப்பில் காலை நேர இட்லி, தோசை. அதற்கு மேல் கேட்பவர் மாவள்ளிக்கோ காந்தி பஜாருக்கோ போய்க்கொள்ள வேண்டியதுதான்.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பெரிய சமையலறைகள் அடிப்படை கிரேவிகளை நம்பி ஓடுபவை. தக்காளிக் கலவை ஒன்று, முந்திரிக் கலவை ஒன்று, வதக்கிய வெங்காயக் கலவை ஒன்று என்று காலையிலேயே அண்டாக்களில் தயாராகிவிடும். ஆர்டர் வந்ததும் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து, மேலே க்ரீமோ கசூரி மேத்தியோ தூவினால் முப்பது பெயர்களில் முப்பது பதார்த்தங்கள். நேரம் மிச்சம், ஆள் மிச்சம்.

கடற்கரைச் சமையல் இந்தக் கணக்குக்குள் வராது. கஸ்ஸிக்கு அரைத்த மசாலாவை மீன் மொய்லிக்குப் போட முடியாது. தேங்காயைப் பச்சையாக அரைப்பதா, வறுத்து அரைப்பதா, பாலாகப் பிழிவதா என்பதிலேயே மூன்று ஊர்கள் பிரிந்துவிடுகின்றன. காலையில் அரைத்த தேங்காய் மாலைக்குள் முகம் மாறும். ஒவ்வொரு குழம்புக்கும் தனி அரைப்பு, தனிப் பக்குவம். ஓட்டல் கணக்குப்பிள்ளைகளுக்குப் பிடிக்காத சமையல் இது.

அடுப்படிப் பள்ளிக்கூடம்

இந்தக் கணக்கை மாற்றிப் போட நினைத்தவர் தாஜ் குழுமத்தில் உயர் பொறுப்பில் இருந்த கமேலியா பஞ்சாபி. 1982-இல் லண்டனில் 'பாம்பே பிராசரி' தொடங்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர். 1994-இல் வெளியான அவருடைய இந்தியக் குழம்புகள் பற்றிய சமையல் நூல் வெளிநாடுகளிலும் புகழ் பெற்றது. மேற்குக் கடற்கரையின் வீட்டுச் சமையலைக் கொண்டே ஓர் உணவகம் என்ற யோசனை அவருடையது. அதற்காக செஃப்கள் கடற்கரையோர வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கற்பிக்க இருந்தவர்கள் அந்தந்த வீட்டுப் பெண்கள்.

தொடக்கத்தில் சமையலறைக்குத் தலைமை வகித்தவர் ஸ்ரீராம் அய்லூர். ஆரம்ப நாட்களிலிருந்தே அதோடு இணைந்திருந்து, பின்னர் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் குடகைச் சேர்ந்த நரேன் திம்மையா.

வீட்டுப் பாடத்தில் முதல் சிக்கல் அளவு. நம் வீடுகளில் உப்பு 'தேவையான அளவு', தண்ணீர் 'கண்ணளவு', மிளகாய் 'கைப்பிடி'. யாருடைய கைப்பிடி என்பதுதான் ரகசியம். அதைக் கிராமில் எழுதினால்தான் நாளைக்கு வேறொரு சமையல்காரர் அதே குழம்பை வைக்க முடியும். இரண்டாவது சிக்கல் பெருக்கல். ஆறு பேருக்கான குழம்பை அறுபது பேருக்கு வைக்க எல்லாவற்றையும் பத்தால் பெருக்கினால் போதாது. அகன்ற பாத்திரத்தில் நீர் சுண்டும் வேகம் வேறு. புளியும் காரமும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. கல்யாணச் சமையல்காரர்கள் அனுபவத்தில் அறிந்த இந்த வித்தை கல்லூரிப் புத்தகத்தில் இல்லை.

புளிப்பின் வரைபடம்

மேற்குக் கடற்கரையை ஒரே 'தென்னிந்தியச் சமையல்' என்று மூட்டை கட்ட முடியாது என்பதற்குப் புளிப்பு ஒன்றே சாட்சி.

கோவாவில் மீன் குழம்புக்குக் கோகம் போடுவார்கள். கத்தோலிக்க வீடுகளில் தென்னங்கள்ளைப் புளிக்க வைத்த வினிகரும் உண்டு. 1510-இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கீசியர் விட்டுப்போன பழக்கம் அது. விண்டாலு என்ற பெயரே ஒயினையும் பூண்டையும் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொற்களிலிருந்து வந்தது. தெற்கே மங்களூருக்கு இறங்கினால் புளியும் பிலிம்பிக்காயும். கேரளத்தின் நடுப்பகுதிக்கு வந்தால் குடம்புளி.

குடகுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் கராவளியின் மெனுவில் அதற்கு இடம் உண்டு. குடகர்களின் பன்றிக்கறிக்கு அடையாளம் கச்சம்புளி என்ற கறுத்த, கெட்டியான புளிச்சாறு. கேரளத்தின் குடம்புளியும் குடகின் கச்சம்புளியும் ஒரே பழத்திலிருந்து வருபவை. மலையாளி அதன் சுளையைப் புகையில் உலர்த்துகிறார். குடகர் அதன் சாற்றைக் காய்ச்சிக் கறுப்பாக்குகிறார். காடு ஒன்று, கை இரண்டு.

மிளகாயிலும் இதே கதை. கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்து பியாடகி மிளகாய் நிறத்தை வாரி வழங்கும், காரத்தை அளந்துதான் தரும். 2011-இல் புவிசார் குறியீடு பெற்றது. கஸ்ஸியின் செக்கச் சிவந்த நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர் ஒரு வாய் உண்டதும் ஆச்சரியப்படுவது இதனால்தான். அதற்குப் பதில் வேறு மிளகாயைப் போட்டால் நிறத்துக்காகக் காரத்தை ஏற்ற வேண்டும். அல்லது காரத்துக்காக நிறத்தை இழக்க வேண்டும்.

ஆக, பொருளும் ஊரிலிருந்தே வந்தாக வேண்டும். மீனும் அப்படித்தான். கடற்கரை வீட்டில் மீன் படகிலிருந்து சட்டிக்கு வர ஒரு மணி நேரம் போதும். பெங்களூருக்கு அது பனிக்கட்டிக்குள் இரவெல்லாம் மலைத்தொடரைத் தாண்டி வர வேண்டும். மழைக்காலத்தில் மீன்பிடித் தடை வந்தால் கடலோர வீடுகள் கருவாட்டுக்கு மாறிக்கொள்ளும். மெனு அச்சடித்த ஓட்டலுக்கு அந்தச் சௌகரியம் குறைவு.

விலை யாருக்கு?

இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் யார் என்பதில்தான் விவகாரம்.

விலைக்கும் தரத்துக்கும் உள்ள சண்டையைப் பெங்களூர் ஏற்கெனவே வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறது. 1924-இல் யக்ஞநாராயண மய்யாவும் சகோதரர்களும் தொடங்கிய சிற்றுண்டிச் சாலைதான் பின்னாளில் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்ற எம்.டி.ஆர். ஆனது. நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு உணவக விலைகளைக் கட்டுப்படுத்தியபோது, அந்த விலைக்குத் தங்கள் தரத்தில் தர முடியாது என்று நிர்வாகம் கதவைச் சாத்தியது. மாவுக் கலவைகளையும் பொடிகளையும் விற்பதில் இறங்கியது. பின்னர் உணவகம் மீண்டும் திறந்தது. பாக்கெட் வியாபாரமோ பெரிதாக வளர்ந்து 2007-இல் நார்வே நாட்டு ஓர்க்லா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உணவகம் குடும்பத்திடமே இருக்கிறது.

எம்.டி.ஆரில் குமாஸ்தாவும் நீதிபதியும் ஒரே வரிசையில் நின்று காத்திருக்கலாம். நட்சத்திர ஓட்டலில் அந்த வரிசை வாசலிலேயே கலைந்துவிடும். நீர் தோசையும் கோழிக் குழம்பும் தினசரி வாழ்க்கையாக இருக்கிற குடும்பத்தினர் அதையே அங்கே உண்ண, அந்தப் பில்லைப் பார்த்து யோசிப்பார்கள். கொடுக்கத் தயங்காதவர்களில் பலருக்கு அது புதிய ருசி. வீட்டுச் சாப்பாட்டை, அந்த வீடு இல்லாதவர்களுக்கு விற்கும் வியாபாரம் இது என்று குறை சொல்பவர்களும் உண்டு.

குறையில் நியாயம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஒரு குடும்பத்தின் குழம்புப் பக்குவம் பத்திரம் பதிவு செய்த சொத்தல்ல. யாரும் அதற்கு உரிமை கோருவதில்லை. மாமியாரிடம் மருமகளும், அடுத்த வீட்டுக்காரியிடம் இவளும் கற்றுக்கொண்டது அது. ஓட்டல் அதை வாங்கிக்கொண்டபோது செஃப்புக்குப் புகழ் வந்தது. சொல்லிக் கொடுத்த கைகளுக்கு அந்த அளவுக்கு வெளிச்சம் கிடைக்கவில்லை.

மறுபக்கத் தட்டில் வைக்க வேண்டியதும் கொஞ்சமல்ல. இந்தச் சமையலுக்கு மரியாதை கிடைத்தது. கராவளிக்குச் சற்று முன்பே, 1989-இல் சென்னை பார்க் ஷெரட்டனில் 'தக்ஷின்' தென் மாநில உணவுகளுக்கென்றே திறக்கப்பட்டிருந்தது. சென்னை கன்னிமரா ஓட்டலின் 'ரெயின்ட்ரீ' செட்டிநாட்டுச் சமையலுக்குப் பெயர் பெற்றது. ஓட்டல்காரர்கள் தங்கள் சொந்த ஊர் அடுப்படியைத் திரும்பிப் பார்த்த காலம் அது.

பெங்களூரில் பயின்ற பாடம் கடலும் தாண்டியது. ஸ்ரீராம் அய்லூர் லண்டனுக்குப் போய், தாஜ் குழுமம் 1999-இல் அங்கே திறந்த உணவகத்தின் பொறுப்பை ஏற்றார். அதற்குச் சூட்டப்பட்டது கொல்லத்தின் பழைய ஆங்கிலப் பெயரான 'குயிலான்'. 2008-இல் அதற்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. தென்மேற்குக் கடற்கரைச் சமையலுக்கு அந்த அங்கீகாரத்தைப் பெற்றுத் தந்த உணவகம் என்று அது பேசப்பட்டது. எந்தப் பிரெஞ்சு மரபைப் பார்த்து இந்தியக் கேட்டரிங் மாணவர்கள் பாடம் படித்தார்களோ, அந்த நாட்டின் கையேடு தேங்காய் அரைத்த குழம்புக்கு மதிப்பெண் போட்டது.

இதற்குள் பெங்களூரும் மாறிவிட்டது. கணினி வேலைக்கு வந்து குடியேறிய மங்களூர், கொச்சி, கார்வார் பிள்ளைகள் இங்கேயே குடும்பம் நடத்துகிறார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடி வீட்டில் தினமும் தேங்காய் வறுத்து அரைக்க நேரமில்லை. ஊரில் பாட்டி வைத்த குழம்பின் வாசனை நினைவிருக்கிறது, பக்குவம் தெரியாது. அவர்களில் வசதியுள்ளவர்கள் பிறந்த நாளுக்கோ கல்யாண நாளுக்கோ கராவளியின் மரத்தடி மேசைக்கு வந்து உட்காரும்போது, வீட்டுக்கும் ஓட்டலுக்கும் இடையிலான பழைய உறவு தலைகீழாகிறது. முன்பு ஓட்டல் வீட்டிடம் கற்றுக்கொண்டது. இப்போது வீடு ஓட்டலில் போய் ஞாபகப்படுத்திக்கொள்கிறது.

இது பெருமைக்குரியதா, கவலைக்குரியதா என்று கேட்டால் இரண்டும்தான். ஓட்டல் ஒரு மெனுவைக் காப்பாற்ற முடியும். நாலு வீடு தள்ளினால் நாலு விதமாக மாறும் குழம்பை அதனால் காப்பாற்ற முடியாது. ஒரு ஊருக்கு ஒரு பக்குவம் என்று அது எழுதி வைத்துவிட்டால், எழுதப்படாத மற்ற பக்குவங்கள் சத்தமில்லாமல் கழிந்துவிடும்.

1990-வாக்கில் கற்றுக்கொள்ளக் கிளம்பிய செஃப்களுக்குத் தட்டக் கதவுகள் இருந்தன. திறந்து, அடுப்பருகே முக்காலி போட்டு உட்கார வைத்துச் சொல்லித்தர அம்மாக்கள் இருந்தார்கள். அடுத்து ஓர் உணவகம் இதேபோல் தொடங்க நினைத்தால் அதன் செஃப்கள் எந்த வீட்டுக்குப் போவார்கள் என்பது இனி ஓட்டல்காரர்களின் கையில் இல்லை.