வெளிநோயாளர் சீட்டும் வீட்டுப் பொறுப்பும்

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் என்றால் நாம் ஒருவருக்கொருவர் நல்ல டாக்டர் யார் என்று விசாரித்துக்கொள்கிறோம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடியே மாத்திரையை வாயில் போட்டுக்கொள்ளவும் தயங்குவதில்லை. மனநலத்துக்கான மாத்திரையை மட்டும் அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம். சென்னையில் கீழ்ப்பாக்கம், பெங்களூரில் நிம்ஹான்ஸ். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு உதவிய இந்த இரண்டு இடங்களின் பெயரும் நம்மவர் பேச்சில் கேலிச் சொற்களாகவே வழங்குகின்றன.

நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் அல்ல. ஓய்வுக்குப் பின் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகி, இந்நகரின் ஒரு பெரிய மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளாக வெளிநோயாளராகச் சிகிச்சை பெற்று வருகிறேன். அங்கே பெஞ்சில் காத்திருந்த நேரத்தில் பல நோயாளிகளுடனும், அவர்களுடன் வந்தவர்களுடனும் பேசிப் பழகியிருக்கிறேன். இந்தச் சிகிச்சை எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் பாதியில் நின்றுபோகிறது என்பதை நம் குடும்பங்களுக்குச் சொல்வது பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மதில் சுவரிலிருந்து ஓ.பி. சீட்டு வரை

ஒரு காலத்தில் மனநோய் என்றால் உயர்ந்த மதில் சுவருக்குள் அடைத்து வைப்பது என்றே பொருள். பெங்களூரில் மைசூர் அரசு நடத்திய 'பைத்தியக்கார விடுதி'க்கு 1925இல்தான் மனநல மருத்துவமனை என்ற பெயர் கிடைத்தது. 1930களில் அது ஓசூர் சாலையிலுள்ள இப்போதைய வளாகத்துக்கு வந்தது. 1954இல் அகில இந்திய மனநல நிலையம் அங்கே தொடங்கப்பட்டது. 1974 டிசம்பர் 27 அன்று இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. 2012இல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.

இன்று அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் சேர்க்கப்படுவதில்லை. காலையில் வந்து, சீட்டுப் பதிந்து, டாக்டரைப் பார்த்து, மருந்துடன் வீடு திரும்புகிறார்கள். 1950களுக்குப் பிறகு வந்த புதிய மருந்துகள் இதற்கு ஒரு காரணம். குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது மற்றொரு காரணம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளியின் உறவினரையும் உடன் தங்க வைத்துப் பார்த்தார். நோயாளிகள் விரைவில் தேறி வீடு திரும்பினார்கள். வீட்டாரை விலக்காமல் வைத்தியம் பார்க்கும் முறை நம் நாட்டில் வேரூன்ற இதுவும் ஒரு தொடக்கம்.

முதல் நாள் என்ன நடக்கிறது?

நம்மில் பலர் பயப்படுவது முதல் நாளுக்குத்தான். ஷாக் கொடுப்பார்கள், பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்றெல்லாம் நினைக்கிறோம். எனக்கு நடந்தது பேச்சுதான். ஓர் இளம் டாக்டர் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். தூக்கம் எப்படி, பசி எப்படி, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா, குடிப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வதையும், அந்த நேரத்தில் வரும் எண்ணங்களையும் நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். பிறகு என் மனைவியிடம் தனியாகப் பேசினார். மூத்த டாக்டர் வந்து எல்லாவற்றையும் கேட்டு முடிவு சொன்னார். தைராய்டு கோளாறாலும் மனச்சோர்வு போன்ற அறிகுறிகள் வரலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்.

மனநல மருத்துவமனையில் நான்கு வகையானவர்கள் இருப்பார்கள். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சின் வழியாகச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். வீடு, வேலை, பணம் பற்றிய சிக்கல்களுக்கு வழி காட்டுபவர் சமூகப் பணியாளர். ஊசி, மருந்து, அன்றாடக் கவனிப்பு ஆகியவற்றுக்குச் செவிலியர். எல்லா நோயாளிக்கும் எல்லாரும் தேவைப்படுவதில்லை. ஆனால் மாத்திரை மட்டும்தான் தருகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள், பேச்சுச் சிகிச்சை உண்டா என்று வாய்திறந்து கேட்க வேண்டும்.

சிகிச்சை நின்றுபோகும் இரண்டு இடங்கள்

முதல் இடம் இரண்டாவது வாரம். மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை போல அன்றே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலனுக்கு அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் குமட்டல், வாய் வறட்சி, மந்தம் போன்ற பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொல்லை முன்னே வருகிறது, நன்மை பின்னே வருகிறது. இதை அறியாதவர்கள், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். தாங்க முடியாத தொல்லை என்றால் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். எனக்கு இரவில் சாப்பிட்ட மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தது; அதைக் காலைக்கு மாற்றியதும் சரியாயிற்று.

இரண்டாவது இடம் இன்னும் ஆபத்தானது. அது நோயாளி தேறிவிட்ட இடம். பெஞ்சில் எனக்கு அறிமுகமான ஓர் இளைஞர் நல்ல வேலையில் இருந்தார். ஆறு மாதத்தில் தெளிந்துவிட்டார். ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போனபோது, "இன்னுமா மாத்திரை சாப்பிடுகிறாய்? நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்று உறவினர்கள் கேட்க, நிறுத்திவிட்டார். சில வாரங்களில் பழைய நிலைமைக்குப் போய், இம்முறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. வேலையும் போயிற்று. மறுபடி அவரை நான் பார்த்தபோது அவருடைய தாயார் கையில் ஃபைலுடன் நின்றிருந்தார்.

மனச்சோர்வு முதல் முறை வந்தவர்கள் தேறிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதமாவது மருந்தைத் தொடரச் சொல்வது வழக்கம். பலமுறை வந்தவர்களுக்கும், மனச்சிதைவு, இருமுனை நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் நீண்ட காலம் தேவைப்படலாம். இந்த மருந்துகளில் பலவற்றைத் திடீரென்று நிறுத்தினாலும் தொல்லை வரும். டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை. ஆகவே அவற்றைக் கொஞ்ச நாளைக்கே எழுதுவார்கள். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் அப்படிப்பட்டவை அல்ல. லித்தியம் சாப்பிடுபவர்கள் குறித்த காலத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றையும் சோதித்துக்கொள்வது கட்டாயம்.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். தண்டவாளத்தில் கீமேன் தினமும் தன் பகுதியை நடந்து பார்க்கிறார். பல மாதம் ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை என்பதால் கீமேன் தேவையில்லை என்று எந்த ரயில்வேயும் முடிவு செய்வதில்லை. அவர் நடப்பதால்தான் ஒன்றும் நடக்கவில்லை.

மொழிச் சிக்கல்

பெங்களூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் வரும். ஊரிலிருந்து வந்த பெற்றோர் தங்கள் துக்கத்தைத் தமிழில்தான் சொல்ல முடியும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் "எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல்" என்று சொல்ல, பேரன் அதை வயிற்றில் எரிச்சல் என்று மொழிபெயர்க்க, அமிலத்துக்கு மருந்து கிடைத்தது. அவர் சொன்னது மனக்குமுறல். நம்மவர்கள் மனத்துயரத்தைத் தலை கனக்கிறது, நெஞ்சை அடைக்கிறது, உடம்பெல்லாம் அசதி என்று உடம்பின் மீது ஏற்றியே சொல்வது வழக்கம். சொல்லுக்குச் சொல் மாற்றினால் நோய் மறைந்துவிடும்.

ஆகவே, தமிழ் தெரிந்த டாக்டரோ உளவியலாளரோ உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். பெங்களூரின் பெரிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் கிடைப்பார்கள். சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மருமகளைப் பற்றிய வருத்தத்தை மகன் முன்னால் எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வார்? வேறு வழியில்லை என்றால் குடும்பத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரை அழைத்துச் செல்லலாம்.

வீட்டார் செய்ய வேண்டியது

டாக்டர் நம்மைப் பார்ப்பது மாதத்தில் பத்துப் பதினைந்து நிமிடம். மீதி முப்பது நாளும் சிகிச்சை வீட்டில்தான் நடக்கிறது. நோயாளி என்ற முறையில் எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தூங்கிய நேரம், மாத்திரை, நடைப்பயிற்சி, மனநிலை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதி வைத்தேன். டாக்டருக்கு அது வாய்ப்பேச்சைவிட அதிகம் சொன்னது. ஊருக்குப் போகும்போது பத்து நாள் மருந்து கூடுதலாகவும் சீட்டின் நகலும் பையில் இருக்கும். அடுத்த வருகைத் தேதியை வீட்டுக் காலண்டரில் கரண்ட் பில் தேதி போலக் குறித்து வைத்தோம். வேலை என்று ஏதாவது ஒன்று என் பொறுப்பில் இருக்கும்படி என் மனைவி பார்த்துக்கொண்டார். காய்கறி வாங்குவது என்னுடையது.

வேண்டாதவையும் உண்டு. விருந்தினர் முன் மாத்திரையை எண்ண வேண்டாம். நோயாளி கோபப்படும்போதெல்லாம் நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். சாம்பாரில் உப்பு அதிகம் என்று நான் சொன்னதற்கு ஒருநாள், "இன்று மாத்திரை போட்டீர்களா?" என்று பதில் வந்தது. உப்பு உண்மையிலேயே அதிகம்தான்! எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் தான் சொல்லும் எதையும் யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதுதான் பெஞ்சில் நான் அதிகம் கேட்ட வருத்தம்.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்பது மருந்தல்ல. இரண்டு குடும்பங்களின் துன்பம். கோயிலுக்கும் தர்காவுக்கும் போவது அவரவர் நம்பிக்கை. ஆனால் மருந்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அவர்கள் நம்மைப் போன்ற குடும்பங்கள் கொண்டுபோய் விட்டவர்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி அரசுச் செலவில் நடக்கும் மனநலச் சேவைகளைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. நோயாளியின் விவரம் இரகசியமாக வைக்கப்பட வேண்டும். தனக்காகப் பேசும் பிரதிநிதி யார் என்பதையும், எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதையும் ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். காப்பீட்டு நிறுவனங்கள் உடல் நோய்க்குச் சமமாக மன நோயையும் ஏற்க வேண்டும். வெளிநோயாளர் செலவு எல்லாப் பாலிசியிலும் சேராது என்பதால் பாலிசியைப் படித்துப் பார்ப்பது நல்லது.

எங்கே போவது?

ஓசூர் சாலை நிம்ஹான்ஸில் வெளிநோயாளர் பிரிவும், இருபத்து நான்கு மணி நேர அவசரப் பிரிவும் உள்ளன. தேறி வருபவர்கள் பகலில் வந்து தொழில் பழகும் மறுவாழ்வுப் பிரிவும் அங்கே உண்டு. பேக்கரி, தையல் போன்றவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. பெரிய அரசு மருத்துவமனைகளிலும், கோரமங்கலா செயின்ட் ஜான்ஸ் போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோயாளிகளுக்கு நெடுங்காலமாக உதவி வருகிறது.

வீட்டிலிருந்தே பேச, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு தொலைபேசிச் சேவை உள்ளது. எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னால், சும்மா மிரட்டுகிறார் என்று விட்டுவிடாமல் தனியே விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலுடன் இருந்தார்கள். பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. நம் சங்க விழா ஒன்றில் இருநூறு பேர் கூடினால் அதில் இருபது பேர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அந்த இருபது பேரில் நானும் ஒருவன் என்பதை இதோ எழுதிவிட்டேன். முதல் நாள் மருத்துவமனைக்குத் தனியாகப் போகத் தயங்கும் நம் குடும்பத்தார் யாராயிருந்தாலும் சங்க அலுவலகத்தில் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். காலையில் உடன் வந்து வரிசையில் நிற்கிறேன். அங்கே காத்திருப்பது எனக்குப் பழகிவிட்டது.