வீட்டுக் கடனா? தாளைக் கேளுங்கள்!

திருச்சியில் வேலை. காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்க ஆசை. "கடன் வாங்கித் தருகிறேன்" என்று ஏஜெண்டு வருகிறார். அவர் என்ன படித்தவர்?

அமெரிக்காவில் 2008-ல் ஒரு சட்டம் வந்தது. வங்கி ஊழியர் அல்லாத வீட்டுக்கடன் ஏஜெண்டு 20 மணி நேரம் பாடம் படிக்கவேண்டும். அதில் 3 மணி நேரம் நாணயம் பற்றிய பாடம்! பரீட்சையில் 100-க்கு 75 மார்க்கு வாங்கவேண்டும். பிறகுதான் லைசென்சு. ஆண்டுதோறும் 8 மணி நேரம் மறுபடியும் படிப்பு!

நம் நாட்டில் அப்படி லைசென்சு இல்லை. ஏஜெண்டுக்குப் பயிற்சி தருவது வங்கியின் பொறுப்பு.

ஆனால் ஒரு பாதுகாப்பு உண்டு. 2024 அக்டோபர் 1 முதல், வட்டி, கட்டணம், மொத்தச் செலவு அடங்கிய விவரத்தாளை வங்கி உங்களுக்குப் புரியும் மொழியில் தரவேண்டும். தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமின்றி வசூலிக்கக் கூடாது.

முதலில் தாள், அப்புறம் கையெழுத்து!