சாயும் பக்கமே திருப்புக

நடுவயதில் முதன்முறையாக மின்மிதிவண்டியில் ஏறுபவர் கைப்பிடியைத்தான் முதலில் இறுகப் பற்றுகிறார். விரற்கணுக்கள் வெளுக்கின்றன; முழங்கைகள் விறைக்கின்றன; பார்வை முன்சக்கரத்திலேயே நிலைகுத்துகிறது. விழாதிருக்க மேற்கொள்ளும் இவை அனைத்தும் அவரை விழச் செய்பவை. நம் நாட்டில் 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த விரைவும் உடைய மின்வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டியதில்லை. ஆதலால், இருசக்கர ஊர்தி எதையுமே தொட்டறியாதவர்கள்கூட இன்று துணிந்து அதை வாங்குகிறார்கள். துணிவு கடையோடு நின்றுவிடுகிறது!

ஓடும் இருசக்கர ஊர்தி ஒரு கணமும் அசையாமல் நேராக நிற்பதில்லை. இடப்புறம் சாயத் தொடங்கியதும் முன்சக்கரத்தை இடப்புறமே திருப்பினால், சக்கரங்கள் சாயும் உடலின் அடியில் வந்து சேர, உடல் நிமிரும். அடுத்த நொடியே வலப்புறம் சாய்வு, மறுபடியும் திருத்தம். பழகியவர் கையில் இத்திருத்தங்கள் கண்ணுக்கே புலப்படா. அச்சமோ சாய்வுக்கு எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்கிறது. அதற்குப் பணிந்தால் சக்கரம் உடலைவிட்டு விலகி, வீழ்ச்சி விரைவுபடும். கையை விறைப்பாக வைத்திருப்பதும் ஏறக்குறைய அதே பிழைதான். வண்டி தானாகத் திரும்ப முற்படுவதை அது தடுத்துவிடுகிறது.

சுழலும் சக்கரத்தின் சுழற்சி விளைவே வண்டியைத் தாங்குகிறது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. டேவிட் ஜோன்ஸ் என்னும் பிரித்தானிய வேதியியலாளர், எதிர்த்திசையில் சுழலும் சக்கரமொன்றை முன்புறம் பொருத்தி அவ்விளைவை ஈடுகட்டிய வண்டியையும் எளிதாக ஓட்டினார்; அதை 1970-இல் எழுதியும் வெளியிட்டார். 2011-இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சுழற்சி விளைவை நீக்கிய பின்னரும் ஆளின்றித் தானே நிமிர்ந்தோடும் சிறுவண்டி ஒன்றைச் செய்து காட்டினர். சாயும்போது அதன் முன்பகுதி சாய்வின் பக்கமே திரும்பியது.

எவ்வளவு திருப்புவது? விரைவின் இருபடி அதனை முடிவு செய்கிறது. மணிக்கு 5 கி.மீ. விரைவில் 1 பாகைச் சாய்வைத் தாங்கவே கைப்பிடியை ஏறத்தாழ 5 அல்லது 6 பாகை திருப்ப வேண்டும், 15 கி.மீ. விரைவில் அரைப் பாகைக்குச் சற்று மேல் போதும். மெல்ல ஊர்வதே பாதுகாப்பு என்று நம்புபவர், தாமறியாமலே ஒன்பது மடங்கு பெரிய திருத்தங்களைத் தலைமேல் ஏற்றுக்கொள்கிறார். தள்ளாடும் அந்தத் தொடக்கத் தொலைவை விரைந்து கடத்திவிடுவதே மின்னோடியின் பெரும்பயன்.

வளர்ந்தவருக்கு இயற்கை தந்த சலுகையும் உண்டு. உள்ளங்கையில் பென்சிலை நிறுத்த இயலாது. விளக்குமாற்றுக் கம்பை நிறுத்தலாம். உயர்ந்தது மெதுவாகச் சாயும். குழந்தையைவிட நெடிய உடலுக்குத் திருத்திக்கொள்ளச் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அமெரிக்கச் சீர்திருத்தவாதி பிரான்செஸ் வில்லார்டு 53-ஆம் வயதில் மிதிவண்டி கற்று, அதைப்பற்றி நூலொன்றும் எழுதினார். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு மிதிவண்டி கற்றார்கள்.

கற்பிப்பவர் முதலில் மின்னோடியை அணைத்துவிட வேண்டும். இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியுமாறு இருக்கையைத் தாழ்த்துக. முடிந்தால் மிதிகட்டைகளையும் கழற்றுக. 1817 சூன் 12 அன்று மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிய முதல் இருசக்கர வண்டிக்கும் மிதிகட்டை கிடையாது. காலால் உந்தியே சென்றார். கற்பவரும் அதுபோலவே உந்தி, பாதங்களைத் தூக்கி, உருளட்டும். பார்வை பத்தடிக்கு அப்பால் இருக்கட்டும். பின்தாங்கியைப் பற்றியபடி மூச்சிரைக்க ஓடிவரும் அன்பர்களை நம் தெருக்களில் எங்கும் காணலாம். அவர்கள் பிடித்திருக்கும்வரை சாய்வைத் திருத்துவது அவர்களே; கற்பவரின் உட்செவிக்கும் சிறுமூளைக்கும் பாடமே கிடைப்பதில்லை. முதுகில் மெல்லத் தொட்டபடி உடன் நடந்தால் போதும்.

அடுத்து நிறுத்தப் பழக வேண்டும்; ஓட்டம் அதற்குப் பிறகே. 20 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி சரிந்தபின் கையால் தாங்குவது கடினம். இரு பிரேக்கையும் மெல்லப் பிடித்து, வண்டி நிற்கும் தருணத்தில் ஒரு பக்கம் சாய்ந்து அந்தக் காலை ஊன்றும் பழக்கம் கைவந்தால் பாதி அச்சம் அகலும்.

மின்னோடியை இயக்கும் உணரிகள் இருவகை. மிதிகட்டை சுழல்வதை மட்டும் உணர்வது சற்றுத் தாமதித்து விழித்து, வெடுக்கென இழுக்கும். மிதிப்பதை நிறுத்தியபின்னும் கணநேரம் தள்ளும். கால் அழுத்தத்தை அளப்பது அழுத்தத்திற்கேற்ப உதவும். அஞ்சுபவருக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன், விலை கூடுதல்தான். முதல்வகை வண்டியே வாய்த்தால், உதவியை மிகக் குறைந்த படியில் வைத்து, ஏறும்போது பிரேக்கைப் பிடித்திருப்பது நலம். பெரும்பாலான வண்டிகளில் அது மின்னோடியைத் துண்டித்துவிடும்.

2019-இல் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் கசெல் என்னும் மிதிவண்டி நிறுவனத்துடன் சேர்ந்து, கைப்பிடித் தண்டிலேயே மின்னோடி பொருத்திய முன்மாதிரி வண்டியொன்றை உருவாக்கினர். சாயும் பக்கம் தானே திருப்பிக்கொடுக்கும் அதுவும் மணிக்கு 4 கி.மீ.க்கு மேல்தான் வேலை செய்தது. அதற்குக் கீழே பாதங்களே துணை. ஆகவே இருக்கையை உயர்த்த அவசரம் வேண்டா. பதறாமல் நிறுத்த வந்தபின் விரலளவு விரலளவாக உயர்த்திக்கொள்ளலாம்.