கணிப்பொறிக்கு ஒரு சதுரங்கப் பரீட்சை

எதிரியின் காயைச் சில நகர்த்தல்களில் வெட்டும் வழியைக் கணிப்பொறி நொடியில் கண்டுவிடும். ஆனால், வெகுநேரம் கழித்தே பலன் தரும் தாக்குதலை அதனால் திட்டமிட முடியுமா? இதை எவ்வாறு சோதிப்பது?

இவான் பிராட்கோ, டானி கோபெக் ஆகிய இருவரும் 1982-இல் ஒரு பரீட்சையை வெளியிட்டனர். மொத்தம் 24 ஆட்ட நிலைகள். பன்னிரண்டில் உடனடிப் பலன் தரும் அடி உண்டு. மற்றப் பன்னிரண்டில் எதிரியின் சிப்பாய் அமைப்பை உடைக்க ஒரு சிப்பாயை முன்தள்ள வேண்டும். இலாபம் பின்னரே தெரியும். அக்காலக் கணிப்பொறிகள் இரண்டாம் வகையில்தான் தடுமாறின.

காரணம் என்ன? ஒரு நிலையில் சுமார் 35 நகர்த்தல்கள் உண்டு எனக் கொள்ளுங்கள். இரு தரப்பும் இரண்டிரண்டு முறை ஆடினாலே 15 இலட்சம் வழிகள்! தேடல் நிற்கும் எல்லைக்கு அப்பாலுள்ளது கணிப்பொறிக்குத் தெரியாது.

2017-இல் ஆல்ஃபாஜீரோ தன்னோடு தானே ஆடிக் கற்றது. நொடிக்குச் சுமார் 80,000 நிலைகளையே ஆராய்ந்து, 7 கோடி நிலைகளை ஆராய்ந்த ஸ்டாக்ஃபிஷை வென்றது. காயைத் தியாகம் செய்து, நெடுநேரம் நெருக்கியது.

ஒன்றை மறவாதீர்கள். சரியான நகர்த்தல் தற்செயலாகவும் வரலாம். தொடர்ந்து ஆடவிட்டுப் பார்த்தால்தான் திட்டம் இருந்ததா என்பது விளங்கும்.