ஒரே 1.1, இரண்டு கிட்னி

காரைக்காலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற எனக்கு தினமும் காதில் விழுவது ‘உப்பு’. “கிட்னியில உப்பு ஏறிடுச்சாம்க்கா” என்று சீட்டை நீட்டுவார்கள். அது குழம்பில் போடுகிற உப்பு இல்லை, கிரியாட்டினின். தசையிலிருந்து அன்றாடம் வருகிற கழிவு. சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ரத்தத்தில் தேங்கும்.

ஒருநாள் மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். வயது 25, வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல். துணைக்கு வந்த அத்தைக்கு 75, சர்க்கரைக்காரர். இருவருக்கும் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 1.1 மில்லிகிராம்.

“பாத்தியா அத்தே, நீயும் நானும் ஒண்ணு!”

ஒன்றில்லை. வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் போடுகிற கணக்குதான் சீட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று வருவது, வடிகட்டும் வேகம். 2021ஆம் ஆண்டு சூத்திரப்படி தம்பிக்கு 96, அத்தைக்கு 52. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். ஒரே சீட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது.

மெலிந்தவர்களிடம் இந்தக் கணக்கும் ஏமாறும். எங்கள் ஊர் காரைக்கால் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். சதையை உதறி எலும்புருவாய் நின்றவர். கிரியாட்டினின் எடுத்தால் ரொம்பக் குறைவாகத்தான் வந்திருக்கும். அதை வைத்துக் கிட்னி நன்றாக இருக்கிறது என்று எழுத எனக்குக் கை வராது. இப்படிப்பட்டவர்களுக்குத் தசையை அவ்வளவாக நம்பியிராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையை டாக்டர்கள் கேட்பதுண்டு.

கிரியாட்டினினை அளக்கிற வழி இது: பிக்ரிக் அமிலக் கரைசலில் ரத்தத்தின் தெளிநீர் சேர்ந்ததும் ஆரஞ்சு நிறம் ஏறும். நிறம் ஏறுகிற வேகம்தான் அளவு. மாக்ஸ் யாஃபே 1886இல் கண்ட நிறமாற்றம் இது, இன்றும் பல கூடங்களில் ஓடுகிறது. முதல் நாள் ராத்திரி மீனோ கறியோ நிறையச் சாப்பிட்டிருந்தால் அளவு கொஞ்சம் கூடும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் கிடந்தாலும் கூடும். வலை இழுத்த வலிக்கு டைக்ளோஃபினாக் விழுங்குகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. அந்த மாத்திரை கிட்னிக்குப் போகிற ரத்தத்தையே குறைக்கும்.

அத்தையிடம் காலை முதல் சிறுநீரும் கொண்டுவரச் சொன்னேன்.

“உப்பு ரத்தத்துலதானேம்மா? மூத்திரம் எதுக்கு?”

“சர்க்கரைக்காரங்களுக்குப் பல நேரம் அங்கதான் முதல்ல தெரியும், அத்தே. உப்பு ஏறுறதுக்கு முன்னாடியே புரதம் ஒழுகும்.”

மூடி போட்ட டப்பாவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.