கை தவறினால்...? – கணினிக் குறிப்பேடும் நம் அச்சமும்

தாளில் எழுதிய எழுத்து எழுதியவாறே கிடக்கும். குறிப்பேட்டை நண்பர் இரவல் வாங்கிச் சென்றாலும் அதில் ஒரு வரி தானாக மறைந்துவிடுவதில்லை. அடித்தால் அடித்த கோடு நிற்கும். அழித்தால் அழித்த தடம் நிற்கும். கணினியிலும் கைப்பேசியிலும் இயங்கும் குறிப்புச் செயலிகளின் நிலை வேறு. அங்கே பெரும்பாலும் படிக்கும் பக்கமே எழுதும் பக்கமும் ஆகும். விரல் பட்ட இடத்தில் எழுத்து நுழையும். அழிந்த வரி தடமின்றிப் போகும். மூன்றாண்டுப் பாடக் குறிப்புகளை அத்தகைய செயலியில் ஏற்றத் தொடங்கும் மாணவர், ‘அறியாமல் எதையேனும் மாற்றிவிட்டால் என்ன செய்வது?’ என்று அஞ்சுவது இயல்பே. அவ்வச்சம் முற்றினால் பழைய குறிப்பைத் திறக்கவே கை தயங்கும். திறக்கப்படாத குறிப்பு இருந்தும் இல்லாததே அன்றோ?

அச்சத்தின் வேர்

முன்பெல்லாம் கணினியில் ஒரு கோப்பைத் திருத்தினால், ‘சேமி’ என்று நாம் ஆணையிட்ட பின்னரே திருத்தம் நிலைபெறும். தவறு நேர்ந்தால் சேமிக்காமல் மூடிவிடலாம். இன்றைய குறிப்புச் செயலிகள் பலவும் தாமே உடனுக்குடன் சேமித்துக்கொள்கின்றன. மின்சாரம் தடைப்பட்டாலும் எழுதியது போகாது என்பது இதன் நன்மை. ஆனால் நம் பிழையும் அதே விரைவில் சேமிக்கப்பட்டுவிடும் என்பது இதன் மறுபக்கம். கண்ட்ரோல் விசையுடன் ‘ஏ’ விசையை அழுத்தினால் பக்கம் முழுவதும் தேர்வாகும். அடுத்து ஏதேனும் ஓர் எழுத்தைத் தட்டினால் அவ்வளவும் மறைந்து அந்த ஓரெழுத்தே எஞ்சும்.

இத்தகைய பெரும் பிழை உடனே கண்ணில் படும். ஆகவே அது திருத்தப்பட்டுவிடும். ஒரு சூத்திரத்தில் ஓர் இலக்கம் விழுந்துபோவதும், ‘இல்லை’ என்னும் சொல் நழுவிப்போவதும்தான் உண்மையில் அஞ்சத்தக்கவை. அவற்றைத் தேர்வுக்கு முதல் நாள் இரவு உண்மை என்றே நம்பிப் படித்துவிடுவோம்.

மீளும் வழிகள்

பிழை செய்யாத மனிதன் இல்லை என்பதைக் கணினி அறிஞர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1968-இல் உருவான ‘ஃபிரஸ்’ என்னும் எழுத்துத் தொகுப்பு முறையிலேயே, செய்த மாற்றத்தை விலக்கிப் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இருந்தது. இன்று நாம் ‘அன்டூ’ என்று வழங்குவது அதனையே.

எடுத்துக்காட்டாக, 2020-இல் வெளிவந்த அப்சிடியன் என்னும் செயலியை நோக்குவோம். அதில் காவல்கள் பல அடுக்காக உள்ளன.

முதலாவது, படிப்பு நிலை. கண்ட்ரோல் விசையுடன் ‘ஈ’ விசையை அழுத்தினால் எழுதும் நிலையிலிருந்து படிக்கும் நிலைக்கு மாறலாம். அந்நிலையில் விசைகளைத் தட்டினாலும் பக்கத்தில் எழுத்து ஏறாது. ஒவ்வொரு குறிப்பும் படிப்பு நிலையிலேயே திறக்குமாறு அமைப்புகளில் வகுத்துக்கொள்ளவும் இயலும். கண்ணுக்குத் தெரியாத சிறு பிழைகளைத் தடுக்க இதுவே சிறந்த வழி.

இரண்டாவது, கண்ட்ரோலும் ‘இசட்’டும். இது படிப்படியாகப் பின்னோக்கி அழைத்துச் செல்லும். எனினும் செயலியை மூடிவிட்டால் இவ்வழி அடைபட்டுவிடும்.

மூன்றாவது, கோப்பு மீட்பு. நாம் எழுதிவரும் குறிப்பின் நகலை, இயல்பான அமைப்பில், குறைந்தது 5 நிமிட இடைவெளியில் எடுத்து 7 நாள்கள் வரை இச்செயலி வைத்திருக்கும். நேற்றைய வடிவத்தைப் பார்த்து மீட்டுக்கொள்ளலாம். படங்களுக்கு இது உதவாது.

நான்காவது, கணினியின் குப்பைத்தொட்டி. நீக்கிய குறிப்பு உடனே அழியாமல் அங்கே சென்று தங்கும்.

இவற்றிற்கும் மேலாக, அப்சிடியனில் ஒவ்வொரு குறிப்பும் ஓர் எளிய எழுத்துக் கோப்பே. ஆகவே கோப்புறை முழுவதையும் வாரம் ஒருமுறை ஒரு பென்டிரைவில் படியெடுத்து வைப்பது எவர்க்கும் கைகூடும்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். கைப்பேசியும் கணினியும் தம்முள் இணைந்து ஒத்தியங்குவதைச் சிலர் பாதுகாப்பு என எண்ணுகின்றனர். ஒன்றில் அழிந்த வரி மற்றொன்றிலும் அழியும் என்பதை மறத்தலாகாது. தனியே ஒதுக்கி வைத்த படியே காப்பு.

ஏடு தரும் பாடம்

இவ்வுண்மை தமிழுக்குப் புதிதன்று. ஏடு பெயர்த்து எழுதியோரின் கண்ணும் கையும் தவறியதால் நம் இலக்கியங்களில் பாடபேதங்கள் மிகுந்தன. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து பெற்ற ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். ஒரே ஓர் ஏடு மட்டும் இருந்திருப்பின் அதிலுள்ள பிழையைப் பிழை என்று அறியவும் வழியிராது. பழைய படி கைவசம் இருந்தால்தான் புதிய பிழை புலப்படும்.

முதலில் கற்க வேண்டியது

புதிய செயலியைக் கற்போர் அதன் அழகுகளையும் வசதிகளையுமே முதலில் தேடுகின்றனர். அதனினும் முன்னர்க் கற்கத்தக்கது மீளும் வழி. உண்மைக் குறிப்புகளை ஏற்றுமுன், பயனற்ற சில வரிகளைக் கொண்டு ஒரு தனிக் கோப்புறையை அமைத்துக்கொள்க. அதில் வேண்டுமென்றே ஒரு பத்தியை அழித்துப் பார்க்க. ஒரு குறிப்பை நீக்கிப் பார்க்க. செயலியை மூடித் திறந்த பின் அவற்றை மீட்டுப் பார்க்க. அரைமணி நேரம் போதும். மீட்க முடியாதது எது என்பதும் அப்போதே விளங்கிவிடும். அதற்கு மட்டும் தனிப் படி எடுத்து வைக்கலாம்.

எச்சரிக்கை மட்டும் கொண்டு ஆண்டு முழுவதும் பிழையின்றி எழுத எவராலும் இயலாது. ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய பின் எழும் வழியை அறிந்தவர்க்கு அச்சம் குறையும். அச்சம் குறைந்தவர் பழைய குறிப்பைத் தயங்காது திறப்பர், திருத்துவர், வளர்ப்பர். குறிப்பெடுப்பதன் பயனும் அதுவேயாகும்.